மூளையின் அலை கண்ட ஹன்ஸ் பேர்கர்

வலிப்பு நோயைப் போல மக்களை அச்சுறுத்திய நோய் பிறிதொன்று இல்லை எனலாம். நன்றாக நின்ற ஒருவன் திடீரென வீழ்ந்து, கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளக் கிடந்து, சிறிது நேரத்தில் ஏதும் அறியாதவனாய் எழுந்திருத்தலைக் கண்ட பண்டை மக்கள், அதனைத் தெய்வக் குற்றம் என்றும் பேயின் சேட்டை என்றும் கருதினர். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் எழுந்து இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூலொன்று இக்கருத்தை மறுத்தது. இந்நோய் ஏனைய நோய்களைப் போன்றதே என்றும், மூளையிலிருந்து எழுவது என்றும், குடிவழியாக வருவது என்றும் அந்நூலார் எழுதி வைத்தார். முதலிரண்டு கூற்றும் நோயாளருக்குப் பேராறுதல் அளிப்பவை. மூன்றாவது கூற்றோ, தவறாக விளங்கிக் கொண்டோர் கையில் அகப்பட்டு, 20 ஆம் நூற்றாண்டிலே பெருங்கேட்டுக்கு ஏதுவாயிற்று. அக்கேட்டிலும், அக்கேட்டைப் பொய்யென்று காட்டிய அறிவிலும் ஒருங்கே பங்குடையவர் ஒருவர் உளர். அவருடைய வரலாற்றையே இவ்விழா மலரில் எழுத எடுத்துக்கொண்டோம்.

ஜேர்மனியின் நடுப்பாகத்தில் கோபுர்க் என்னும் பட்டினம் உளது. அதனை அடுத்த நொய்செஸ் என்னும் சிற்றூரிலே 1873 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆந் திகதி ஹன்ஸ் பேர்கர் பிறந்தார். தந்தையார் ஒரு வைத்தியர். தாயார் அன்னா, ஜேர்மன் மொழிப் பெரும் புலவருள் ஒருவராகிய பிரெடரிக் றுக்கேட் என்பாரின் புதல்வி. இப்பாட்டனாரைப் பற்றி எம் கல்லூரி மாணவருக்கு இரண்டொரு வார்த்தை சொல்லாது கடந்துசெல்ல மனம் வரவில்லை. றுக்கேட் கீழைத்தேய மொழிகள் பலவற்றைத் துறைபோகக் கற்றவர். நாம் நளவெண்பாவிற் படித்துச் சுவைக்கும் நளன் கதையை 1828 ஆம் ஆண்டிலே ஜேர்மன் மொழியிற் கவிதையாக ஆக்கித் தம் நாட்டாருக்கு வழங்கியவர். சயதேவரின் கீதகோவிந்தத்தையும் மொழிபெயர்த்தவர். தம் இளம் மக்கள் இருவரை ஒரே மாரிகாலத்தில் நோய்க்குப் பறிகொடுத்து, நானூற்றுக்கு மேற்பட்ட இரங்கற்பாக்களைப் பாடி வைத்தவரும் அவரே. பேரன் பிறப்பதற்கு ஏழாண்டுகளின் முன்னரே அவர் காலமாயினும், அவர் பெயரின் பெருமை அவ்வீட்டில் நிறைந்திருந்தது.

இளைஞர் பேர்கர் கோபுர்க்கில் உள்ள கசிமிரியானும் என்னும் பழம்பெருங் கல்லூரியிற் கற்றுத் தேறினார். வைத்தியத்தில் அவருக்கு அப்போது நாட்டமில்லை. வானியல் அறிஞராக வேண்டும் என்பதே அவாவாயிருந்தது. பல்கலைக்கழகம் புகுந்து கணிதம் பயிலத் தொடங்கியவர், விரைவிலே அதனை இடைநிறுத்தி, ஓராண்டு படைச்சேவைக்காக வூர்ட்ஸ்புர்க் நகரில் இருந்த பீரங்கிப் படையிற் சேர்ந்தார். அங்கே நிகழ்ந்த ஒரு சம்பவம் அவர் வாழ்வின் திசையை மாற்றிவிட்டது.

பயிற்சி நடந்துகொண்டிருந்த ஒருநாட் காலை, அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டு பின்னங்கால்களில் எழும்பியது. பேர்கர் நிலத்தில் எறியப்பட்டு, குதிரைகள் இழுத்துவந்த பீரங்கி வண்டியின் சில்லுக்கு முன்னே வீழ்ந்தார். வண்டி ஈற்று நொடியில் நிறுத்தப்பட்டமையால் உயிர் தப்பினார். அன்று மாலை தந்தையாரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. மகன் நலந்தானா என்று அது வினவியது. அதற்கு முன் ஒருபொழுதும் வீட்டார் அவ்வாறு தந்தி அனுப்பியதில்லை. தொலைவில் உள்ள வீட்டில் இருந்த மூத்த சகோதரிக்குத் தம்பிக்கு ஏதோ இடர் நேர்ந்தது என்ற எண்ணம் காரணமின்றித் தோன்ற, அவள் வற்புறுத்தியதனாலேயே தந்தையார் தந்தி அடித்தார் எனப் பின்னர் தெரிய வந்தது.

தம் உள்ளத்தில் எழுந்த பேரச்சம் ஏதோ ஓர் ஆற்றலாக வெளிப்பட்டுத் தமக்கையின் உள்ளத்தைச் சென்றடைந்தது என்று பேர்கர் முடிவு செய்தார். வானத்தை அளக்க எண்ணியவர் மனத்தை அளக்க விழைந்தார். அம்முடிவு ஏற்கத் தக்கதன்று என்றே நாம் கருதுகிறோம். தற்செயலாய் ஒத்து வருவன உலகிற் பல. ஆயினும் பிழையான ஓர் எண்ணம் நாற்பதாண்டு உழைப்பைத் தாங்கி நின்று, தான் தேடாத ஒரு மெய்யைக் கண்டுகொடுத்தமை விஞ்ஞான வரலாற்றில் அருமையாக நிகழ்வதொன்று.

பேர்கர் யேனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1897 ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றார். அவ்வாண்டே அங்கிருந்த மனநோய், நரம்புநோய் வைத்தியசாலையில், ஒட்டோ பின்ஸ்வாங்கர் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரின் கீழ்ச் சேவையில் அமர்ந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தைத் தவிர, தம் ஓய்வுவரை அவர் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. 1911 இல் ஊர்சுலா என்னும் உயர்குடி நங்கையை மணந்து மக்கள் நால்வரைப் பெற்றார். 1919 இல் பின்ஸ்வாங்கரின் இடத்துக்கு உயர்ந்தார். 1927 இல் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார்.

உடன் வேலை செய்தோர் அவரைச் சிறப்பாக மதித்தனர் என்று சொல்வதற்கில்லை. நேரந் தவறாதவர், ஒழுங்கில் மிகக் கண்டிப்பானவர், சொற்சுருக்கமுடையவர், ஒவ்வொரு நாளையும் முன்னைய நாளின் படியெனவே கழிப்பவர். புதுமை எதனையும் அவரிடம் எவரும் எதிர்பார்த்திலர். கடமைநேரம் முடிந்த பின்னர், மாலைவேளைகளிலே, வைத்தியசாலையின் ஒரு சிறு கட்டடத்துட் புகுந்து அவர் நடத்திவந்த சோதனைகளைச் சிலரே அறிந்திருந்தனர்.

அச்சோதனைகள் நெடுங்காலம் பயன்படவில்லை. மூளையில் நிகழும் இரசாயன மாற்றத்தாற் பிறக்கும் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகவும், ஒரு பங்கு மின்னாகவும், எஞ்சியது மனச்சக்தியாகவும் மாறுகின்றது என்பது அவருடைய கொள்கை. முதலிரண்டையும் அளந்துவிட்டால் மூன்றாவது எவ்வளவென்று கணக்கிடலாம் என நம்பினார். வெடிபட்டோ சத்திரசிகிச்சையாலோ மண்டையோட்டில் துவாரமுற்ற நோயாளரிடத்து, மூளையின் குருதித்துடிப்பை அளந்தார், பயன் சிறிது. நுண்ணிய வெப்பமானிகளால் மூளையின் வெப்பநிலையை அளந்து 1910 இல் நூலொன்று வெளியிட்டார். அதனாலும் கொள்கை நிலைபெறவில்லை. எஞ்சியிருந்தது மின்.

விலங்கின் மூளையில் நுண்ணிய மின்னோட்டம் உண்டென்பது புதிய செய்தியன்று. இங்கிலாந்தில் இலிவர்ப்பூல் நகரத்து றிச்சட் கேற்றன் என்பார் 1875 ஆம் ஆண்டிலேயே முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் அதனைக் கண்டிருந்தார். உயிருள்ள மனிதனிடத்து அதனைப் பதிந்தோர் இல்லை. இதயத்தின் மின்னை வரைவதற்கு ஒல்லாந்து நாட்டு ஐந்தோவன் என்பார் அமைத்த நாண் கல்வனோமானி அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது. அவ்வகைக் கருவியொன்றையே பேர்கர் கையாண்டார். மூளையலையின் அளவு ஒரு வோல்ற்றின் இருபதினாயிரத்திலொரு பங்கு அளவினதே. அதாவது, உடலின்மேல் அறியப்படும் இதயமின்னினும் ஏறத்தாழ இருபது மடங்கு சிறியது. பேர்கர் பொறியியலோ பௌதிகமோ முறையாகக் கற்றவரல்லர். கருவியின் நுணுக்கங்களில் அவர் பெரிதும் இடர்ப்பட்டார்.

1924 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆந் திகதி, மூளைக்கட்டி உண்டென்ற ஐயத்தாற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு மண்டையோட்டில் இடைவெளியுடன் இருந்த 17 வயது இளைஞன் ஒருவனின் தலையில் அவர் மின்வாய்களைப் பொருத்தினார். கல்வனோமானியின் நாண் மெல்ல அசைந்தது. இன்று உலகெங்கும் பேசப்படும் மூளை மின்னலை வரைவின் பிறப்பு அதுவே.

வேறொருவராயின் அடுத்த திங்களே பறைசாற்றியிருப்பார். பேர்கர் ஐந்தாண்டு வாய் திறந்திலர். தாம் கண்டது மூளையின் மின்தானோ, அன்றித் தோலின் மின்னோ, தசையின் நடுக்கமோ, நாடித்துடிப்போ, மூச்சின் அசைவோ என்ற ஐயம் அவரை வாட்டியது. ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினார். பல நாள்களில் தாம் கண்டதெல்லாம் மாயையென்றே எண்ணி மனமுடைந்தார். தலையோடு பழுதுறாத நலமுடையவரிடத்தும் அவ்வலை தோன்றுமோ என்று அறிதற்குத் தம் மகன் கிளவுசை இருத்திப் பலமுறை பதிந்தார். தோற்றியது. கண்ணை மூடி அமைந்திருப்பின் செக்கனுக்குப் பத்தளவான பேரலைகள் ஒழுங்காக வந்தன. கண்ணைத் திறந்தவுடன், அல்லது மனக்கணக்கொன்றிற் கருத்தைச் செலுத்தியவுடன், அவை மறைந்து விரைவான சிற்றலைகள் தோன்றின. முன்னையதை அல்பா என்றும் பின்னையதைப் பீற்றா என்றும் அவர் பெயரிட்டார். 1929 ஆம் ஆண்டிலே முதற் கட்டுரை வெளிவந்தது. 1938 வரை அதே தலைப்பில் மொத்தம் பதினான்கு அறிக்கைகள் வெளியிட்டார்.

அறிஞர் உலகம் பேசாதிருந்தது. கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் தொழிற்படும் மூளை, ஒரு கடிகாரத்தின் ஊசலைப் போல ஒரே தாளத்தில் அசையும் என்பதை நம்புவோர் இலர். நரம்புக்கலத் தொழிற்பாட்டைக் கண்டமைக்காக 1932 இல் நோபெற் பரிசு பெற்ற கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஏட்ரியனும் தொடக்கத்தில் ஐயமே கொண்டார். தாமும் மத்தியூசு என்பவரும் 1934 இல் அச்சோதனையைச் செய்து பார்த்தபோது பேர்கர் எழுதியவாறே அலை வந்தது. ஏட்ரியன் அதற்குப் பேர்கர் தாளம் என்று பெயரிட்டு, கண்டவருக்கே பெருமையைச் சேர்த்தார். பின்னர் 1937 இற் பாரிஸ் நகரில் நடந்த உலக உளவியல் மாநாட்டிற் பேர்கர் பெருஞ் சிறப்புடன் வரவேற்கப்பட்டார்.

மூளையலையால் உடனடியாக நன்மை பெற்றோர் வலிப்பு நோயாளரே. 1935 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் கிப்ஸ், டேவிஸ், இலெனொக்ஸ் என்போர், சில நொடி மட்டும் நினைவு தடைப்பட்டுச் சிறுவர் வெறித்து நோக்கும் சிறுவலிப்பிலே, செக்கனுக்கு மூன்றாகக் கூரலையும் பேரலையும் இணைந்து வருதலைக் கண்டனர். வலிப்பென்பது மூளையிலே நரம்புக்கலங்கள் மிகுதியாகவும் ஒருங்காகவும் மின்னை வெளிவிடும் நிகழ்ச்சி என்பது கண்கூடாயிற்று. பேயும் தெய்வக் குற்றமும் கடதாசியில் வரைந்த கோட்டின் முன் நிற்க இயலாவாயின. பேர்கரும் தம் அறிக்கைகளில் வலிப்பு நோயாளரின் வரைவுகளை வெளியிட்டிருந்தார்.

இத்துடன் நிறுத்தினால் எம் மலருக்கு ஏற்ற அழகிய வரலாறாகவே இருக்கும். நிறுத்துவதற்கில்லை.

1933 ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிற்லர் ஜேர்மனியில் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு யூலை 14 ஆந் திகதி, பரம்பரை நோயுள்ள சந்ததி பிறவாது தடுக்கும் சட்டம் என்னும் பெயரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1934 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மனவளர்ச்சிக் குறைவு, சில மனநோய்கள், பிறவிக் குருடு, பிறவிச் செவிடு ஆகியவற்றுடன் பரம்பரை வலிப்பும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றுள் ஒன்றுடையவர் எனத் தீர்க்கப்பட்டோர், அவர் விரும்பினும் விரும்பாவிடினும், மகப்பேறு அற்றவராகச் சத்திரசிகிச்சை செய்யப்படுவர். இதற்கென நீதிபதி ஒருவரும் வைத்தியர் இருவருமாக மூவர் அமரும் பரம்பரைநல நீதிமன்றங்கள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அவற்றின் தீர்ப்பை எதிர்த்து முறையிடுவதற்கு மேல்மன்றங்களும் இருந்தன. போர் முடியுமுன் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இச்சட்டத்தினால் மகப்பேற்றை இழந்தனர்.

யேனாவில் இருந்த மேல்மன்றத்தில் வைத்திய உறுப்பினராக அமர்ந்து தீர்ப்பு வழங்கியோருள் ஹன்ஸ் பேர்கரும் ஒருவர். தமக்கு மகப்பேற்றை மறுக்கவேண்டாம் என்று முறையிட்டு வந்தோரின் கோவைகள் அவர் முன் வைக்கப்பட்டன. அவர் நாசிக் கட்சியின் உறுப்பினரல்லர். ஆயின் அக்கட்சியின் எஸ்.எஸ். படைக்குப் பணமுதவும் ஆதரவாளராயிருந்தார். யூதரை இகழும் குறிப்புகளும் அவருடைய நாட்குறிப்பிற் காணப்படுகின்றன.

அம்மன்றங்கள் வலிப்பைப் பரம்பரையானதென்று எவ்வாறு துணிந்தன என்பதை வாசகர் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். தலையிற் காயம், மூளைக் காய்ச்சல், கட்டி முதலிய புறக்காரணம் ஒன்று காட்டப்படாவிடின் அது பரம்பரை வலிப்பென்றே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. காரணம் அறியாமை, காரணத்தை அறிந்தமைக்குச் சான்றாக்கப்பட்டது. எம் வகுப்பில் அளவை இலக்கணம் சிறிதறிந்த மாணவனும் இவ்வழுவைச் சுட்டிக்காட்டுவான். தம் அலை மெய்யோ பொய்யோ என்று ஐந்தாண்டு ஐயுற்று ஒவ்வொரு காரணமாக விலக்கிப் பார்த்த அதே மனிதர், பிறருடைய பிறவாத மக்களைப் பற்றித் தீர்க்கும்போது அவ்வையத்தை ஏன் கைவிட்டார்? எமக்கு விளங்காத புதிர் இதுவே. அச்சத்தினாற் செய்தார் என்பதற்குச் சான்றில்லை. அக்காலத்து மனநோய் வைத்தியருட் பலர் அச்சட்டத்தை உவந்தே ஏற்றனர் என்பது மட்டும் தெரிகின்றது.

1938 ஆம் ஆண்டிலே, 65 வயது நிரம்பியதும், பேர்கர் ஓய்வு பெற்றார். 1941 இல், யேனா பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவரும் அம்மாகாணத்து இனக்கொள்கை அலுவலகத்தின் தலைவருமாகிய கார்ல் அஸ்ரெல் என்பார் அவரை மீண்டும் அம்மேல்மன்றத்தில் அமருமாறு கேட்டார். பேர்கர் இசைந்து மறுமொழி எழுதினார். அதன்பின் சில திங்களே அவர் உயிர்வாழ்ந்தார். உடல்நலம் குன்றி, கடுஞ் சோர்வு மனத்தை வாட்ட, 1941 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில், தாம் நெடுங்காலம் ஆண்ட வைத்தியசாலையிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

போருக்குப் பின் எழுதப்பட்ட வரலாறுகள் பல, பேர்கரை நாசிகளால் வெறுக்கப்பட்டு ஓய்வுக்குத் தள்ளப்பட்ட தூயவராகவே காட்டின. மாணவரும் வைத்தியரும் அரைநூற்றாண்டுக்கு மேல் அதனையே படித்தனர். யேனாவின் பழைய கோவைகளை ஆராய்ந்தோர் 2005 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் உண்மையை வெளியிட்டனர். பெரியோர் வரலாற்றிற் குறை சொல்லலாகாது என்பார் எம்மிடையேயும் உளர். குறையை மறைத்து எழுதிய வரலாற்றைப் படிக்கும் இளைஞன், அறிவுடையோர் செய்வனவெல்லாம் அறிவுடையனவே என்று நம்பிவிடுவான். ஆதலின் இரண்டையும் எழுதினோம்.

இனி, பேர்கரின் கோடு அவர் இறந்தபின் என்ன கூறியது என்பதைப் பார்ப்போம். 1950 களிலே பிரான்சு தேசத்து வைத்தியர்கள், சில சிறுவரின் மூளையின் ஒரு குறித்த பகுதியில் விசித்திரமான கூரலைகள் எழுவதைக் கண்டனர். அப்பகுதி, இத்தாலிய உடற்கூற்றறிஞர் றொலாண்டோவின் பெயரால் வழங்கும் மூளைப்பிளவை அடுத்தது. முகம், வாய், நாக்கு ஆகியவற்றை இயக்குவது. 1952 இல் மார்செயில் நகரத்துக் கஸ்தோவும், 1958 இல் நைராக், போசார் என்போரும் இவற்றை எழுதிவைத்தனர். ஓரிடத்திலிருந்து வலிப்பு எழின் அவ்விடத்தே தழும்போ கட்டியோ உண்டென்பதே அதுவரை இருந்த துணிபு. இச்சிறுவரின் மூளையிலோ அவ்வகைக் குற்றம் ஒன்றுங் காணப்படவில்லை. அதனினும் வியப்பு, அவர்கள் வளர வளர வலிப்பு நின்றுபோயிற்று; கூரலையும் மறைந்தது.

இவ்வலிப்பு பெரும்பாலும் 3 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையே தொடங்கும். சிறுவருக்கு வரும் வலிப்பு நோய்களில் நூற்றுக்குப் பதினைந்தளவு இதுவே. இரவிலே உறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில், அல்லது விடியலில் எழும் வேளையில், முகத்தின் ஒரு பாதி துடிக்கும், நாக்கும் கன்னமும் மரத்துப்போகும், வாயூற்று வழியும். பிள்ளை நினைவுடனேயே இருக்கும். ஆயின் பேச வராது. தாயை நோக்கிக் கண்ணால் அழைத்தும் ஒரு சொல் எழாது நிற்கும் அக்காட்சி பெற்றோரை நடுங்கச் செய்வதில் வியப்பில்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். சிலவேளை உடல் முழுவதும் பரவுதலும் உண்டு. பலருக்கு வாழ்நாளில் சில முறையே வரும். பதினாறு வயதளவில் ஏறக்குறைய எல்லாருக்கும் முற்றாக நீங்கிவிடும். பலருக்கு மருந்தே வேண்டியதில்லை என்று வைத்தியர் விட்டுவிடுவதும் உண்டு.

இது பரம்பரையானதா? இங்கேதான் பேர்கர் அமர்ந்திருந்த மன்றத்தின் கேள்வி மீண்டும் எழுகின்றது. ஆம், பரம்பரைச் சார்பு உண்டு. அமெரிக்காவில் பிறே, வைசர் என்போர் 1964 இல் இக்குடும்பங்களை ஆராய்ந்து, கூரலை உறவினரிடையேயும் வருதலைக் காட்டினர். சுவீடன் தேசத்தார் 1975 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நோயுள்ள சிறுவரின் உடன்பிறந்தாருள் மூன்றிலொரு பங்கினருக்குக் கூரலை இருந்தது. ஆயின் அவருள் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு நாளேனும் வலிப்புக் காணாதவர். பொதுவிலும், நலமுடைய சிறுவருள் நூற்றுக்கு ஒருவர் இருவரிடம் இக்கூரலை உண்டு. அவருட் பத்திலொருவருக்குக்கூட வலிப்பு வருவதில்லை. பரம்பரையாக வருவது மூளையின் ஒரு பருவப் போக்கு. அது வலிப்பாக வெளிப்படுதற்கு வேறு பலவும் கூடவேண்டும்.

ஒரே கருவிலிருந்து பிறந்து பரம்பரையலகுகள் அனைத்தும் ஒத்த இரட்டையரை ஆராய்ந்த அறிஞர்கள், ஒருவருக்கு இந்நோய் இருக்க மற்றவருக்கு இல்லாமையைக் கண்டு, பரம்பரையின் பங்கு முன்பு நினைத்ததினும் சிக்கலானது என 2006 இல் எழுதினர். 2013 ஆம் ஆண்டிலே மூன்று குழுவினர் கிறின் 2ஏ என்னும் பரம்பரையலகின் மாற்றம் இவ்வகை வலிப்புகளோடு தொடர்புடையதென ஒரே வேளையில் அறிவித்தனர். நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்களுள் ஒன்றை அமைப்பது அவ்வலகு. எனினும் அம்மாற்றம் சிறுபங்கினரிடத்தே, அதுவும் பேச்சையும் கல்வியையும் பாதிக்கும் கடிய வகையினரிடத்தே கூடுதலாகக் காணப்படுகின்றது. ஏனையோருக்குப் பல அலகுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து அப்போக்கை உண்டாக்குகின்றன போலும்.

நெடுங்காலம் இந்நோய் தீங்கற்ற வலிப்பு என்றே நூல்களில் வழங்கியது. சில பிள்ளைகளுக்கு நோயுள்ள ஆண்டுகளில் வாசிப்பிலும் கவனத்திலும் சிறு தளர்ச்சி ஏற்படுவதைக் கண்டு, உலக வலிப்பு நோய்க் கழகத்தார் 2022 இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அச்சொல்லை விடுத்துத் தானே அடங்கும் வலிப்பு என்ற பொருளுடைய பெயரை வழங்கினர். ஆசிரியராகிய எமக்கு இப்பெயர்மாற்றம் பொருளுடையதாகவே படுகின்றது. இரவில் வலிப்புக் கண்ட பிள்ளை காலையில் வகுப்பில் துயில் தூங்கினால், அல்லது வாசிக்கத் தடுமாறினால், அது சோம்பலன்று. வகுப்பில் எவருக்கேனும் வலிப்பு வந்தால், ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, தலையடியில் மெல்லியது ஏதேனும் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு அருகிருத்தல் போதும். கையில் இரும்பைக் கொடுத்தலும், வாயில் கரண்டியைத் திணித்தலும் எம்மூரில் இன்னும் அற்றுப்போகவில்லை. முன்னையது வீண், பின்னையது பல்லையும் மூச்சையும் கெடுப்பது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இன்னொன்றும் உளது. எட்டு வயதில் மூன்று முறை வாய் துடித்த பெண்பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் கலியாணம் பேசும்போது, குடும்பத்தில் வலி உண்டாம் என்ற ஒரு வாய்ச்சொல் அப்பேச்சையே முறித்துவிடுகின்றது. அதற்கு அஞ்சியே பெற்றோர் பலர் வைத்தியரிடம் காட்டாது மறைக்கின்றனர். மேலே கூறிய மன்றம் கேட்ட கேள்வியையே, நீதிபதியும் கோவையும் இன்றி, விறாந்தையில் இருந்து நாமும் கேட்கின்றோம். குடும்பத்தில் உண்டோ என்று கேட்பார், எவ்வகை வலிப்பு, எவ்வயதில் வந்தது, எப்போது நின்றது என்று கேட்பதில்லை. அவ்வேறுபாட்டைக் காட்ட வல்லது, தலையில் மின்வாய் வைத்து, பிள்ளை உறங்கும்போது எடுக்கப்படும் ஒரு வரைவு. அது பேர்கர் உலகுக்கு அளித்த கொடை.

ஜேர்மன் பாராளுமன்றம் 1998 ஆம் ஆண்டிலே சட்டமொன்றை நிறைவேற்றி, பரம்பரைநல நீதிமன்றங்கள் வழங்கிய மகப்பேற்றுத் தடைத் தீர்ப்புகள் அனைத்தையும் செல்லாதனவாக்கியது. பேர்கர் இறந்து 57 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் அமர்ந்து வழங்கிய தீர்ப்புகளும் அவற்றுள் அடங்கும். அத்தீர்ப்புகளுக்கு உட்பட்டோருட் பெரும்பாலார் அதற்கு முன்னரே, மக்களின்றி, காலமாகியிருந்தனர்.